ஷெக்கிக்குப் பூக்கிரீடம் கூடாது

அன்புள்ள தங்கை நோட்பூர்காவுக்கு,

அண்ணன் வின்சென்ஸ் எழுதிக்கொள்வது. முழங்காலைத் தவிர மற்றபடி நான் சுகம். நீயும் மாப்பிள்ளையும் சுகமென்று நம்புகிறேன். உன் பசு ஷெக்கி சுகமாகத்தான் இருக்கிறாள். இன்றும் என் வேலிக்குள்தான் நின்றாள்.

பதினொரு வருடமாக இந்த கிராகோஃபெல் மலைக்கு நான் சம்பளமில்லாத காவலன். சாக்லேட் வாசம் வீசுமே, அந்தக் கருஞ்சிவப்புப் பூ, அதற்காகத்தான் மேல் புல்வெளிக்கு வேலி போட்டேன். உன் மாடுகளை உள்ளே விடவில்லை என்று அன்றிலிருந்து ஒரு ஈஸ்டருக்கும் நீ என்னைக் கூப்பிடவில்லை, சரி, போகட்டும். நாளை மறுநாள் மாநில அலுவலகத்திலிருந்து தால்ஹமர் என்ற அம்மாள் பூவை எண்ண வருகிறார். பத்துப் பூவாவது இல்லையென்றால் மலைக்குப் பாதுகாப்பு ரத்து, வடக்குச் சரிவில் பனிச்சறுக்கு லிஃப்ட் வந்துவிடும். மூன்று நாள் தவழ்ந்து தேடினேன். இடுப்பளவு புதர் மண்டிக் கிடக்கிறது, பூ ஒன்றே ஒன்று. அதைப் படமெடுக்கக் குனிந்தேன், மூக்குக்கண்ணாடி விழுந்தது, தேடி ஒரு எட்டு வைத்தேன், கண்ணாடி தப்பியது, பூ மிதிபட்டுப் போய்விட்டது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அழுகைகூட வரவில்லை, அவ்வளவு அலுப்பு. அப்போது கீழ் மூலையில் மணிச்சத்தம். அந்த மூலையில் மட்டும் நான் தேடவில்லை; மாடு மிதித்த இடத்தில் என்ன இருக்கப்போகிறது? வருஷா வருஷம் அங்கேதான் கம்பியைச் சாய்த்துவிட்டு வருகிறாள் உன் சீமாட்டி. "ஏன்டி, உனக்கு இந்த மலையில வேற இடமே கிடைக்கலையா?" என்றேன். மென்றுகொண்டே என்னைப் பார்த்தாள். பூவெல்லாம் யார் வயிற்றுக்குப் போயிற்று என்று இனிமேலும் கேட்க வேண்டுமா?

ஆகவே, இலையுதிர்காலத்தில் மாடுகள் மலையிறங்கும்போது வழக்கப்படி ஷெக்கிக்குப் பூக்கிரீடம் கட்டி முன்னால் நடத்தக் கூடாது. நடத்தினால் ஊர் நடுவில் வழிமறிப்பேன்.

உங்கள் கூரைமேல் பனி இலேசாக விழட்டும். அவளைத் தவிர எல்லோரையும் கடவுள் காப்பாற்றட்டும்.

அண்ணன்,
வின்சென்ஸ்

பின்குறிப்பு: தபால்பெட்டி வரை இறங்க முழங்கால் விடவில்லை, கடிதம் இங்கேயே கிடந்தது. அதற்குள் தால்ஹமர் அம்மாள் வந்து போய்விட்டார். நேராக ஷெக்கியின் மூலைக்குப் போய் மண்டியிட்டார். பதினான்கு பூ. "மாடு மேஞ்சாதாங்க இது பூக்கும். இந்த வேலியைப் போட்ட புத்திசாலி யாரு?" என்றார். எனக்கு முன்னால் இருந்த காவலர் என்று சொல்லிவிட்டேன். கேட்டால் நீயும் அப்படியே சொல். மலை தப்பியது. காலையிலிருந்து கம்பியைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறேன், மாடுகளை எல்லாம் அனுப்பு. கிரீடத்தை நானே கட்டுகிறேன். ஷெக்கியின் தலையளவை மட்டும் எழுது.