பந்தலுக்கு மேல் பால்கனி

இந்த வருடம் எங்கள் யூதர்களின் கூடாரப் பண்டிகைக்கு என் பேத்தியை ஸ்டாக்ஹோமிலிருந்து தெசலோனிக்கிக்கு வரவழைத்தே தீருவது என்று சபதம் எடுத்தேன். அதுவும் கெஞ்சாமல். கெஞ்சக்கூடாது என்பது என் மனைவி ஜோயாவின் சட்டம்.

"அவங்களுக்கா தோணி வரணும். நீங்க போன்ல மூக்கை உறிஞ்சி வர வைக்கக்கூடாது."

"நான் எப்ப உறிஞ்சினேன்?"

"போன மாசம். ஜலதோஷம்னு சொல்லி நாந்தான் சமாளிச்சேன்."

லூனா எங்கள் ஒரே மகள். அவள் பெண் அலேக்ராவுக்கு இப்போது ஆறு வயது. கடைசியாக நேரில் பார்த்தபோது மூன்று. என்னை 'நோனோ' என்பாள். எங்களில் தாத்தாவை அப்படித்தான் கூப்பிடுவோம். ஜோயா இருக்கிற வீட்டில் எனக்கு ரொம்பப் பொருத்தமான பெயர். எதைக் கேட்டாலும் நோ, நோ. ஆனால் அந்தச் சின்ன வாயிலிருந்து அதை நேரில் கேட்க மனசு கிடந்து அடித்துக்கொண்டது. போனில் காது நிறையும், மடி நிறையாது.

என் திட்டம் இதுதான். பண்டிகைக்கு இரண்டு வாரம் முன்பே பின்வாசலில் பந்தல் போட்டேன். தோரணம் செய்ய, பக்கத்து வீட்டு ஸ்தாவ்ரூலாவின் இரட்டைப் பிள்ளைகளை இரவல் வாங்கினேன். படம் எடுத்து அனுப்பினால் அலேக்ரா பொறாமையில் அழுவாள். அவள் அழுதால் லூனா டிக்கெட் எடுப்பாள். பேத்தியை அழ வைக்கத் திட்டம் போட்ட தாத்தா உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

பூங்காவில் பைன் காய் பொறுக்கினோம். ஓக் கொட்டைகளின் தொப்பிகளைச் சணலில் கோத்தோம். சுரைக்குடுக்கைக்கு மூஞ்சி வரைந்தோம். இலைத் தோரணத்தில்தான் மாட்டிக்கொண்டேன்.

"ஏங்க, குழம்புக்கு வெச்சிருந்த பிரிஞ்சி இலை எங்க?"

"இயற்கைக்கே திரும்பிடுச்சு."

"அந்தப் பையன் கழுத்துல மாலையா தொங்குது."

"அவனும் இயற்கைதானே."

படம் போன பத்தாவது நிமிடம் லூனாவிடமிருந்து பதில் வந்தது. 'அப்பா, பிரமாதம். நீங்க தனியா ஏங்கிட்டிருப்பீங்கன்னு டிக்கெட் பாத்துட்டிருந்தேன். இப்ப நிம்மதி. அடுத்த கோடையில வர்றோம்.'

வேறு வழியில்லாமல் ஜோயாவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தைப் பார்த்தாள்.

"பந்தலுக்கு மேல என்ன?"

"இலையும் கிளையும்."

"அதுக்கும் மேல?"

மாடி வீட்டு பால்கனி. மழையில் தோரணம் நனையக்கூடாதே என்று அதன் அடியில் போட்டிருந்தேன். எங்கள் பந்தலுக்கு மேல் ஆகாயம் மட்டும்தான் இருக்கவேண்டும், இலை இடுக்கில் நட்சத்திரம் தெரியவேண்டும். இது எங்களில் நடக்கப் பழகும் குழந்தைக்குக்கூடத் தெரியும். நான் போட்டது பந்தல் இல்லை, பந்தா.

"நீ மொதல்லயே பாத்தியா?"

"மொத நாளே பாத்தேன்."

"சொல்லக்கூடாதா?"

"எதுக்காவது உதவும்னு விட்டு வெச்சேன்."

உடனே லூனாவைக் கூப்பிட்டாள். குரலைத் தாழ்த்தினாள்.

"அந்தப் படத்தை நல்லாப் பாருடி. மேல பால்கனி தெரியுதா? ஆமா, அறுபது வருஷமா பந்தல் போடற மனுஷன்தான். நீ ஒண்ணும் கவலைப்படாத. இன்னிக்கு அவருக்கு என் பேரு ஞாபகம் இருக்கு."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நான் கெஞ்சல. கவனிச்சீங்களா?"

ஐந்தாம் நாள் வாசலில் வந்து நின்றார்கள். அலேக்ரா என் இடுப்புக்கு மேல் வளர்ந்திருந்தாள். முன்பல் ஒன்று விழுந்திருந்தது. என் கைகள் தானாக நீண்டன. அதற்குள் ஜோயாவின் கால் என் கால்மேல் அழுத்தமாக ஏறியது. அவர்களுக்கு மறுவாரமே, பண்டிகை முடியுமுன், திரும்பும் டிக்கெட் என்று காலையிலேயே சொல்லியிருந்தாள்.

"அப்பா," லூனாவின் குரல் நடுங்கியது. "இது யாருன்னு தெரியுதா?"

தினமும் எழுந்ததும் நான் சொல்லும் முதல் வார்த்தையே அந்தப் பெயர்தான். தொண்டை வரை வந்ததை அப்படியே விழுங்கினேன்.

"ஸ்தாவ்ரூலா வீட்டுப் பொண்ணா?"

லூனா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அம்மா, நாங்க பண்டிகை முடியற வரைக்கும் இருக்கோம். அப்பா கையில கத்தரிக்கோல், சாவி எதுவும் குடுக்காதீங்க."

"அதெல்லாம் கல்யாணமான அன்னிக்கே வாங்கி வெச்சுட்டேன்" என்றாள் ஜோயா.

மறுநாள் பந்தலைப் பிரித்துத் திறந்தவெளிக்கு மாற்றினார்கள். என்னை ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். தோரணம் கட்டிக்கொண்டிருந்த அலேக்ரா ஒரு பழத்தோடு என் மடியில் ஏறினாள். அதை என் மூக்குக்கு நேரே பிடித்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"பயப்படாதீங்க நோனோ. இதுக்குப் பேரு மாதுளம்பழம். எங்கே சொல்லுங்க, மா-து-ளம்-ப-ழம்."

சொன்னேன். கெட்டிக்காரன் என்று கைதட்டினாள்.