பின்சக்கரத்துக்கு முப்பத்து மூன்று

சந்தேகப்படுவது அறிவின் ஒரு பகுதி என்று நெடுங்காலம் நம்பியிருந்தவள் நான். நிறையப் படிப்பவர்களுக்கு இந்த நோய் எளிதில் தொற்றிக்கொள்ளும். அச்சில் கண்டதை எல்லாம் நம்புவோம். நேரில் கண்ட ஆளை மட்டும் நம்ப மாட்டோம். எட்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், என் தங்கை மாலினியை மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் புல்தரையில் உருள வைத்தது அந்த நோய்தான். (நூறு என்பது என் கணக்கு. அவள் அறுபது என்கிறாள். உருண்டவள் அவள் என்பதால் விட்டுக்கொடுக்கிறேன்.)

மாலினி என்னைவிட ஏழு வயது இளையவள். ஈப்போவில் ஒரு பல் மருத்துவமனையில் வேலை. மாதம் ஒருமுறை தன் மோட்டார் சைக்கிளைப் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்ப்பது அவளது பொழுதுபோக்கு. அங்கேதான் பிரகாஷ் பழக்கமானான். பக்கத்து ஊரான செமோரில் டயர்க் கடை வைத்திருந்தான். கட்டினால் அவனைத்தான் கட்டுவேன் என்று வீட்டில் சொல்லிவிட்டாள்.

அப்பா உயிரோடு இருந்திருந்தால் பையனைப் பற்றி விசாரிக்கும் வேலை அவருடையது. அவர் இல்லாததால் அது என் தலையில் விழுந்தது.

"நீ போய்ப் பாத்துட்டு வா," என்றார் அம்மா. "நீ சரின்னா சரி. வேணாம்னா வேணாம். அதுக்கு மேல இந்த வீட்ல பேச்சு இல்ல."

ஒரு பள்ளி நூலகப் பொறுப்பாசிரியையிடம் இவ்வளவு அதிகாரத்தைக் கொடுத்திருக்கக் கூடாது.

முதல் சந்திப்பிலேயே பிரகாஷ் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் காரின் டயரைப் பார்த்தான். "உங்க காடி முன் டயரு உள்பக்கமா தேயுது அக்கா," என்பதே அவன் என்னிடம் பேசிய முதல் வாக்கியம். டயர் விற்கப் பார்க்கிறான் என்று முடிவு செய்தேன். ஈப்போவில் வேறொரு கடையில் காட்டினேன். அவர்களும் அதையே சொன்னார்கள். இரண்டு கடைக்காரர்களும் கூட்டு என்று முடிவு செய்தேன்.

இந்த மனநிலையோடுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் தடத்துக்குப் போனேன். பழைய ரப்பர்த் தோட்டம் ஒன்றை அழித்துப் போட்ட சிறிய தடம் அது. கடைசி வளைவுக்கு அப்பால் மட்டும் வெட்டாமல் விட்ட பால்மரங்கள் இரண்டு வரிசை நின்றன. எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறை பால் வெட்டியிருக்கிறது. அந்தப் பால் டயராகிக் கடைசியில் என்னவாகிறது என்று ஒருவரும் போய்ப் பார்த்ததில்லை. நான்தான் முதல் ஆள் என்று சற்றுப் பெருமையாகக்கூட இருந்தது.

"பசியாறிட்டீங்களா அக்கா?" என்று கேட்டு, நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம் ஒன்றை நீட்டினான் பிரகாஷ். லஞ்சம். (சாப்பிட்டேன். சாட்சியத்தைப் பரிசோதிக்க வேண்டும் அல்லவா?)

பொட்டலத்தை மடிக்கும்போதுதான் அதைப் பார்த்தேன். எங்கள் கூடாரத்தின் பின்பக்கத்தில், மாலினியின் மோட்டார் சைக்கிள் அருகே பிரகாஷ் குந்தியிருந்தான். இடமும் வலமும் ஒருமுறை பார்த்தான். பிறகு பின்சக்கரத்தின் மூடியைக் கழற்றி எதையோ அழுத்தினான். உஸ்ஸ் என்று காற்று வெளியேறியது. காற்றழுத்தமானியை வைத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் அழுத்தினான். முன்சக்கரத்துக்கும் அதே கதி.

"என்ன தம்பி செய்றீங்க?"

"சும்மா அக்கா, கொஞ்சம் காத்து எறக்குறேன்."

"எதுக்கு?"

"சூடாகும்லா," என்றான்.

மேற்கொண்டு சொல்ல வாயெடுப்பதற்குள் விசில் அடித்தது. ஓட்டுநர்களும் துணைக்கு வந்தவர்களும் விதிமுறை விளக்கத்துக்கு வர வேண்டும் என்று ஒலிபெருக்கி அழைத்தது. அவன் மாலினியோடு ஓடிவிட்டான். என் காதில் 'சூடாகும்' என்ற ஒரு சொல் மட்டும் நின்றது. எது சூடாகும்? ஏன் சூடாகும்? பதில் சொல்லாமல் நழுவுகிறவன் பேசும் பேச்சு அது என்றே எனக்குப் பட்டது.

மாலினியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் துப்பறிகிறவர்கள் கேட்பதில்லை; கண்டுபிடிக்கிறார்கள்.

நான் கண்டுபிடித்தேன். சங்கிலிக்கு மேலே ஒரு சிறிய ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. முன்சக்கரம் இருபத்தொன்பது, பின்சக்கரம் முப்பத்து மூன்று என்று காற்றழுத்தத்தை அச்சிட்டிருந்தார்கள். காற்றுக் குறைந்த டயர் உயிருக்கு ஆபத்து என்ற சாலைப் பாதுகாப்புச் சுவரொட்டியை எங்கள் நூலக வாசலில் ஒட்டியவளே நான்தான். இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?

பக்கத்துக் கூடாரத்தில் பாக் ரஹிம் என்ற பெரியவர் தனியே உட்கார்ந்திருந்தார். அவருடைய மகனும் ஓட்ட வந்திருந்தான். அவரிடம் ஒரு கால் பம்பு இருந்தது. கேட்டதும் சிரித்துக்கொண்டே, "அம்பில் லா, காக்," என்றார். (எடுத்துக்கொள்ளுங்கள் அக்கா.) சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் செருகிக்கொண்டு மிதித்தேன். முன்னால் இருபத்தொன்பது. பின்னால் முப்பத்து மூன்று. பம்பின் முள் ஒரு கோடு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தங்கையின் உயிரைக் காப்பாற்றிய நிறைவோடு நாற்காலியில் வந்து அமர்ந்தேன்.

விளக்கம் முடிந்து இருவரும் திரும்பி வந்ததும் மாலினியின் பிரிவைத்தான் முதலில் அழைத்தார்கள். மாலினி தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். முதல் சுற்று நன்றாகப் போனது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் எனக்குக் கையசைத்தாள் என்று நினைக்கிறேன். நான்காவது சுற்றில், பால்மரங்களை ஒட்டிய வளைவில், எண்ணெயில் கால் வைத்தது போல் பின்சக்கரம் வழுக்கியது. வண்டி ஒரு பக்கம் போனது. என் தங்கை இன்னொரு பக்கம் உருண்டாள்.

அந்தச் சில நொடிகளைப் பற்றி இன்றும் என்னால் நகைச்சுவையாக எழுத முடியவில்லை.

எழுந்து உட்கார்ந்தாள். அதற்குள் பிரகாஷ் அங்கே இருந்தான். தரையில் கிடந்த வண்டியைத் தாண்டித்தான் ஓடியிருந்தான். அதை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "விரல மடக்கு. தோள் வலிக்குதா? தல சுத்துதா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். முழங்கையில் சிராய்ப்பு, தோளில் வீக்கம், அவ்வளவுதான். அவளைக் கூடாரத்துக்குக் கூட்டிவந்து உட்கார வைத்த பிறகே வண்டியின் பக்கம் போனான்.

"பின்னால பிடியே இல்லப்பா," என்றாள் மாலினி. "என்னா டயரு போட்ட நீ?"

"டயரு நல்ல டயருதான்."

பின்சக்கரத்தின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். பிறகு குனிந்து, நான் புத்தகம் படிப்பது போல அதைப் படித்தான். நடுவில் இரண்டு விரல் அகலத்துக்கு ரப்பர் தேய்ந்து பளபளத்தது. வளைவில் தரையைப் பற்ற வேண்டிய ஓரங்கள் அநேகமாகப் புதிதாகவே இருந்தன. காற்றழுத்தமானியை வைத்தான்.

"முப்பத்தெட்டு," என்றான் மெதுவாக. "நான் இருபத்தஞ்சு வெச்சேன். ஓடி சூடானா உள்ள காத்து விரிஞ்சு இருபத்தெட்டு வரும். அதுக்குத்தான் எறக்கி வெக்கிறது. முப்பத்தெட்டு எப்படி வரும்? யாரோ காத்து அடிச்சிருக்காங்க."

'சூடாகும்' என்பதன் பொருள் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

மாலினியின் கண் எங்கள் கூடாரத்து ஓரத்தில் கிடந்த கால் பம்பின் மேல் விழுந்தது. "அது பாக் ரஹிம் பம்புதானே? அவர் மகனும் நம்ம குரூப்புதானே?"

பிரகாஷ் நிமிர்ந்தான். பக்கத்துக் கூடாரத்தைப் பார்த்து நடந்தான். சந்தேகம் ஒரு மனிதனின் முதுகில் ஏறி உட்காரும் விதத்தை அன்றுதான் வெளியிலிருந்து பார்த்தேன். எனக்கு மிகவும் பழகிய விதம் அது.

மனசாட்சி உறுத்தி நானே உண்மையைச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். நடந்தது வேறு. பாக் ரஹிம் பிரகாஷின் தோளுக்கு மேலே என்னைப் பார்த்து, முகமெல்லாம் மலர, "சுடா பம், காக்?" என்று கேட்டுவிட்டார். (காற்றடித்து முடிந்ததா அக்கா?)

"அக்கா!" என்றாள் மாலினி.

"தம்பி காத்தை எடுக்கறதப் பாத்தேன்... உனக்கு ஏதாச்சும் ஆயிடுமோன்னு..." என்று இழுத்தேன்.

பிரகாஷ் திரும்பி வந்தான். "எவ்வளவு அடிச்சீங்க அக்கா?"

"பின்னால முப்பத்தி மூணு. ஸ்டிக்கர்ல போட்டிருந்துச்சு."

அவன் அந்த ஸ்டிக்கரைச் சற்று நேரம் பார்த்தான். "அளவு கரெக்டா அடிச்சிருக்கீங்க. ஆனா அது ரோட்டுக்கு எழுதினது அக்கா. இங்க அவ்வளவு வெச்சா டயரு பந்து மாதிரி உப்பிரும், தரையில கொஞ்சம்தான் படும்." பிறகு தலையைச் சொறிந்தான். "நான்தான் நின்னு வெளக்கமா சொல்லிட்டுப் போயிருக்கணும். சாரிக்கா."

"நீ எதுக்குடா சாரி சொல்ற?" என்று கத்தினாள் மாலினி. "கீழ விழுந்தது நானு, தள்ளிவிட்டது அவங்க!"

சாயங்காலம் அம்மா வாசலிலேயே காத்திருந்தார்.

"பையன் எப்படி?"

"நல்ல பையன்மா. முடிச்சிரலாம்."

அம்மாவுக்கே நம்பிக்கை வரவில்லை. நான் ஒருவரை இவ்வளவு விரைவாக நல்லவர் என்று சொல்லி அவர் கேட்டதே இல்லை. "நல்லா விசாரிச்சியா? எப்படி விசாரிச்ச?"

"காத்தடிச்சு," என்றாள் மாலினி, கட்டுப்போட்ட முழங்கையைத் தூக்கிக் காட்டி.

அந்தப் பதில் எங்கள் குடும்பத்தில் இன்னும் ஓய்ந்தபாடில்லை. எந்த உறவினருக்கு வரன் வந்தாலும், "பெரியவள அனுப்பு, காத்தடிச்சுப் பாத்துட்டு வரட்டும்," என்கிறார்கள். பிறந்தநாள் விழாக்களில் பலூன் ஊதும் வேலையை என்னிடம் யாரும் தருவதில்லை.

சென்ற மாதம் மாலினி வீட்டில், அவளுடைய ஐந்து வயது மகளும் நானும் மட்டும் இருந்தோம். குழந்தையின் சைக்கிளில் காற்றில்லை. பம்பை எடுத்துக்கொண்டு போனேன். அவள் சக்கரத்துக்கு முன்னால் வந்து, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றாள்.

"பெரியம்மா, அப்பாவ கேட்டீங்களா?"

செமோர் கடைக்குக் கைப்பேசியில் அழைத்தேன். பிரகாஷ் சிரித்துவிட்டு, தாராளமாக அடிக்கலாம் என்றான். அதை அப்படியே அவளிடம் சொன்னேன்.

அவள் கையை இறக்கவில்லை. என் முகத்தைச் சற்று நேரம் ஆராய்ந்தாள்.

"ஸ்பீக்கர்ல போடுங்க," என்றாள். "அப்பா சொல்றத நான் கேக்கணும்."