வக்கடையை அடைத்த காக்கா

எங்கள் வயல்வெளியில் அடுத்தவன் வக்கடையைத் திறந்து தண்ணீர் திருடி அடிவாங்கியவர்கள் எத்தனையோ பேர். அடுத்தவன் வக்கடையை அடைத்து அடிவாங்கியவர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான்.

வரம்பில் தண்ணீர் வெளியேற வெட்டிவிடுகிற வாய்தான் வக்கடை. எண்பதுகளின் தொடக்கத்தில் நற்பிட்டிமுனைப் பக்கம் யார் பசளை எறிந்தாலும், யார் மருந்து அடித்தாலும், மறுநிமிடம் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து அந்த வாயைச் சேற்றால் அடைத்துவிடுவார். காக்கா என்றால் எங்களுக்கு அண்ணன்; அதனால் அவர் வக்கடைக் காக்கா. வாப்பா வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

"மூணு நாளைக்கு அடைச்சி வைங்கடா. உங்கட பசளை உங்கட பயிருக்குத்தான் சேரும். வாய்க்கால் ஓரத்துப் புல்லச் செதுக்காதீங்க, ஊத்தைய அது புடிச்சி வைக்கும். மருந்தடிக்கிற டாங்கிய வயலுக்குள்ளயே கழுவுங்க. இதுக்கு என்ன செலவு? ஒரு மம்பட்டி மண்!"

செலவில்லாத யோசனையை எவன் கேட்பான்? காசு கொடுத்து வாங்கிய போத்தலில் மண்டையோடு படம் இருந்தால்தான் நமக்கு மரியாதை. அரசாங்கக் கந்தோர் வேலையும் இரண்டு ஏக்கர் வயலுமாக இருந்த நானும் கேட்கவில்லை. ஒருநாள் என் வயலுக்குள்ளேயே அவரைக் கையும் களவுமாகப் பிடித்தேன்.

"காக்கா, மருந்தடிச்ச தண்ணி. இறங்காதீங்க."

"மருந்தா? என்ட பதினொரு தாறாவும் செத்து மிதக்குது. அதுகளுக்கு என்ன காய்ச்சல் வருத்தமெண்டு மருந்து குடுத்த, தம்பி?"

வாய்க்கால் முடிகிற இடத்தில்தான் அவர் வீடும் அவருடைய வாத்துகளும். எங்கள் எல்லாருடைய கழிவுத் தண்ணீரும் அவருடைய கிணற்றடியில்தான் போய்த் தேங்கும்.

வாய்க்காலின் மேற்பக்கம் முழுக்க, ஊரின் பெரிய வயற்காரரான போடியாரின் வயல். பள்ளிவாசல் நிர்வாகத்தில் மரைக்காரும் அவர்தான். அங்கேயும் வக்கடையை அடைத்ததற்காக அவருடைய ஆட்கள் காக்காவைச் சேற்றில் தள்ளி மிதித்தார்கள். ஊரில் ஒருவன்கூட ஏனென்று கேட்கவில்லை.

அடுத்த ஜும்ஆவுக்குக் காக்கா ஒரு வாளித் தண்ணீரோடு பள்ளிக்கு வந்தார். தொழுகைக்காகக் கைகால் முகம் கழுவி ஒழு எடுக்கப் போடியார் உட்கார்ந்ததும் அவர் முன்னால் வைத்தார்.

"இதில எடுங்க, போடியார்."

போடியார் கையை விட்டார், மூக்கைச் சுளித்தார். "என்ன நாத்தம்! நிறமும் மாறிக் கிடக்கு. இதில ஒழு கூடாது."

"ஓம், கூடாது. உங்கட வக்கடைத் தண்ணிதான் இது. நேரா என்ட கிணத்தடிக்கு வருது. ஒழுவுக்குக் கூடாத தண்ணி, எங்கட புள்ளைகள் குடிக்க மட்டும் கூடுமா?"



அடுத்த போகம் பசளை எறிந்ததும் போடியாரின் வக்கடை மூன்று நாள் அடைத்துக் கிடந்தது. "தண்ணி பத்தல்ல, அதான்" என்று சாட்டுச் சொன்னார். பிள்ளைகள் வருடக்கணக்காக நஞ்சைக் குடித்தபோது வராத வெட்கம், தன் முகத்தைக் கழுவப்போனபோதுதான் அந்த மனிதருக்கு வந்தது! இன்று நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. என்மேலும்தான். நானும் அதற்குப் பிறகுதான் அடைத்தேன்.

சில வருடங்களில் காக்கா காய்ச்சலில் மௌத்தானார். அவரை அடக்கிய மையவாடியில் போடியார் என் காதருகே குனிந்தார்.

"நேத்துப் பசளை எறிஞ்சியே, வக்கடைய அடைச்சியா?"

"ஓம்" என்றேன். பொய்.

கபுறில் மூன்று பிடி மண் போட்டுவிட்டு நேரே வயலுக்கு ஓடினேன். அந்த மண் ஒட்டிய கையாலேயே வக்கடையையும் அடைத்தேன். பிறகு, காக்கா வந்து சரிபார்க்கட்டும் என்று கொஞ்ச நேரம் வரம்பிலேயே நின்றுகொண்டிருந்தேன்.