ரகுநாத் சாத்திய கதவு

"அட்ரஸ் சரியாத்தான் இருக்கு. போர்ட் நம்பரைத் திரும்பச் சொல்லுங்க சார்" என்று ஆலையின் திருச்சி ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் வைஷ்ணவி போனில் கேட்டாள்.

ரகுநாத் மறுபடியும் தப்பான எண்ணையே சொன்னான். வேண்டுமென்றேதான்.

கந்தர்வக்கோட்டை முந்திரி ஆலையின் கணக்கெல்லாம் ஒரு டேட்டாபேஸில் இருந்தது. தினமும் காலையில் ரகுநாத் அதன் வெப் பக்கத்தைத் திறந்து, சரக்கு இருப்பை எடுத்து, சென்னையிலிருக்கும் முதலாளி கருப்பையா செட்டியாருக்குப் போனில் படித்துக்காட்டுவான். இலவசமாகக் கிடைக்கும் ஒரு சாப்ட்வேரை அந்த வெப் பக்கத்தோடு இணைத்துவிட்டால், எங்கிருந்தும் யாரும் பார்த்துக்கொள்ளலாமாம். அப்புறம் படித்துக்காட்ட ஆள் எதற்கு?

முதலாளி வேறு, "கனெக்ட் ஆகட்டும் தம்பி, அப்பறம் ஒங்க விஷயத்தைப் பேசுவோம்" என்று சொல்லிவைத்திருந்தார். அதிலிருந்து ரகுநாத்துக்குச் சோறு இறங்கவில்லை. கீரனூரிலிருந்து பஸ் மாறி மாறி வரும் அலுப்பான வேலைதான். முதலாளியிடமே பலமுறை புலம்பியிருக்கிறான். ஆனாலும் பிழைப்பு பிழைப்புதானே. வீட்டில் மனைவிக்கு இது ஏழாம் மாசம்.

வைஷ்ணவி கெட்டிக்காரி. சரியான எண்ணைத் தானே போட்டுப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டாள். அடுத்து பாஸ்வேர்டு கேட்டாள். ரகுநாத் அவசரமாக அதை மாற்றிவிட்டு, பழையதைச் சொன்னான்.

எடைமேடையில் பில் போடும் கம்ப்யூட்டரும் அதே பாஸ்வேர்டில்தான் ஓடியது. பில் நின்றுபோனது. முந்திரி மூட்டைகளோடு லாரிகள் வாசலில் நின்றன. திருப்பி மாற்றிவிடலாமென்றால், பதற்றத்தில் புதிதாக என்ன போட்டோம் என்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது.

"ஸ்கிரீனை ஷேர் பண்ணுங்க சார். நான் பாத்துக்கறேன்."

பாவி, விடமாட்டேன் என்கிறாளே. வெளியாட்கள் நுழையும் வழியையே அடைத்துவிடுவோம் என்று செட்டிங்கில் எதையோ தட்டினான். அது வெளியாட்களோடு அவனையும் சேர்த்து அடைத்தது. வெப் பக்கமே திறக்கவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். இவன் குரங்கைத்தான் பிடிக்கப் போனான். அது இவனையே கடித்துவிட்டது.

மழை தூறத் தொடங்கியது. லாரிக்காரர்கள் திட்டிக்கொண்டே தார்ப்பாய் போர்த்தினார்கள். அந்த நேரம் பார்த்து முதலாளி கூப்பிட்டார்.

"என்ன தம்பி, ஆகலையா?"

"நம்ம சர்வருக்கு ஒத்துவரலைங்க முதலாளி. தலைகீழா நின்னு பாத்துட்டேன்."

 முதலாளி, நாளைக்கு ஆள் அனுப்பிச் சரிசெய்யச் சொல்வதாகவும், எல்லாம் பழையபடியே நடக்கட்டும் என்றும் சொல்லி வைத்துவிட்டார். குரலில் ஏனோ வருத்தம் தெரிந்தது.

ரகுநாத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பையை எடுத்துக்கொண்டு, பொய் சொன்ன உறுத்தலோடு பஸ்ஸுக்குக் கிளம்பினான். கேட்டில் வாட்ச்மேன் மலையாண்டி மழையைப் பார்த்தபடி இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார்.

"என்னண்ணே, ஒடம்பு சரியில்லையா?"

மலையாண்டி இல்லையென்று தலையை ஆட்டினார்.

"கனெக்ட் ஆகலைன்னு இப்பத்தான் போன் வந்துச்சு. ரெண்டு பஸ்ஸு மாறிச் சங்கடப்படுறீங்கன்னு, இது கனெக்ட் ஆனதும் ஒங்களத் திருச்சி ஆபீசுக்கு மேனேசராப் போட்டுட்டு, ஒங்க சீட்டுல எம் மகளை ஒக்கார வைக்கிறதா முதலாளி சொல்லியிருந்தாருங்க தம்பி."