விழா மலருக்குத் தளபதியின் வாழ்க்கைக் குறிப்பு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இருவரும் நலம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். பிரார்த்தனை முடித்த கையோடு உட்கார்ந்ததால் பொய் எழுத வரவில்லை. இருக்கிறோம்.

உன் பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு உன் அத்தான்தான் தலைமை, மலரில் போட அவருடைய வாழ்க்கைக் குறிப்பு வேண்டும் என்று கேட்டிருந்தாய். எழுதிக்கொள். முப்பத்தெட்டு வருஷம் ராணுவம், கடைசி மூன்று வருஷம் தலைமைத் தளபதி. பத்தொன்பது முறை வீடு மாறினோம், பத்தொன்பது முறையும் சாமான் கட்டியது நான். நாட்குறிப்புகளைக் கூட்டிப் பார்த்தேன். கல்யாணத்திலிருந்து ஓய்வு வரை முப்பத்திரண்டு வருஷத்தில் அவர் வீட்டில் இருந்தது ஏழு வருஷம் இரண்டு மாசம். பையன் பிறந்ததற்குத் தந்தி கொடுத்தேன். "தகவல் கிடைத்தது" என்று பதில் தந்தி வந்தது. அதை மலரில் பெரிய எழுத்தில் போடு.

லட்சம் பேருக்குக் கட்டளை போட்ட வாய்க்கு இப்போது மிஞ்சியது நானும் தோட்டக்காரரும். காலை ஆறு மணிக்கு எங்கள் இருவருக்கும் அணிவகுப்பு. போன வாரம் நிற்கச் சொன்னவர், கலையச் சொல்ல மறந்து உள்ளே போய்த் தூங்கிவிட்டார். நான் அடுப்பைப் பார்க்க நழுவிவிட்டேன்; பதினொரு மணிக்குப் பார்த்தால் தோட்டக்காரர் வெயிலில், தண்ணீர்க் குழாயைத் தோளில் சாய்த்து விறைத்து நிற்கிறார். "அம்மா, ஐயா எழுந்தா கேளுங்க, முதுகச் சொறிஞ்சுக்கலாமான்னு" என்கிறார்.

சிரிக்காதே. பையனையும் இப்படித்தான் நிற்க வைத்தார். ராணுவத்துக்கு வரவில்லை, மாட்டு வைத்தியம் படிக்கிறேன் என்று அவன் சொன்ன அன்று, "களத்த விட்டு ஓடுறவனுக்கு இங்க இடமில்ல" என்றார். "அப்பா, இது சாப்பாட்டு மேஜை" என்றான் அவன். பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனவன் பதினொரு வருஷமாக வரவில்லை. எதிரி நாட்டுத் தளபதியோடு இவர் கைகுலுக்கும் படம் கூடத்தில் தொங்குகிறது. பெற்ற பிள்ளையோடு பேச்சுவார்த்தை கிடையாது. அவனுக்குப் பெண் குழந்தை பிறந்ததைச் சொன்னேன். பேப்பரை இறக்காமலே "தகவல் கிடைச்சுது" என்றார். எட்டு மாசம் ஆகிறது. என் பேத்தியை உன் தெருவில் நீ தினம் பார்க்கிறாய், நான் போட்டோவில் பார்க்கிறேன். போய்ப் பார்த்து வரட்டுமா என்றதற்கு விடுப்பு விண்ணப்பம் கேட்டார். எழுதிக் கொடுத்தேன். "காரணம் போதாது" என்று சிவப்பு மையில் திரும்பி வந்தது.

ஆகவே தம்பி, இந்த மனிதரை அழைக்காதே. உன் விழாவுக்குத் தவறாமல் வருகிற பையன், இவர் மேடையில் இருந்தால் பள்ளி வாசலை மிதிக்க மாட்டான். தீயணைப்பு அதிகாரி யாரையாவது தலைமைக்குப் பிடி. இவருக்கு விழா ரத்து என்று எழுது. உனக்கு உடம்பு சரியில்லை, அக்காவை அனுப்புங்கள் என்று இன்னொன்று எழுது. வந்து குழந்தையை ஒரு தரம் தூக்கிவிட்டுத் திரும்பிவிடுகிறேன். இந்தப் பொய்க்கான பாவத்தைக் கடவுளிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. எல்லாரும் நீண்ட ஆயுளோடு இருங்கள், வரிசையில் நிற்காமல்.

உன் அக்கா

பின்குறிப்பு: வெளியே போகும் கடிதத்தை ஒட்டாமல் அவர் மேஜையில் வைக்க வேண்டும் என்பது இந்த வீட்டுச் சட்டம். பழகிய கை, இதையும் அங்கேயே வைத்துவிட்டது. படித்துவிட்டார். ஒரு வரியையும் அடிக்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்து, அளவுகோல் வைத்துப் போட்ட படம் ஒன்றை நீட்டினார். உன் விழா மண்டபமாம். மூன்றாவது வரிசையில் கதவோரம் பையன், மருமகள், பேத்தி.

"பெத்த பிள்ளைக்கு மூணாவது வரிசையா?" என்றேன்.

"கொழந்த அழுதா வெளிய தூக்கிட்டுப் போகக் கதவு பக்கத்துல இருக்கணும்."

"யாரு தூக்கிட்டுப் போறது?"

படத்தில் மேடைக்கும் கதவுக்கும் நடுவே அளவுகோலை வைத்தார். "மேடையிலேர்ந்து அந்தக் கதவுக்கு எத்தன அடின்னு உன் தம்பிய அளந்து எழுதச் சொல்லு" என்றார்.

படத்தை இணைத்திருக்கிறேன். சீக்கிரம் அளந்து எழுது.