அமிர்தம் விழுந்த கிணறு

எண்பது வயது தாண்டிய பிறகு ஒரு கொலையை ஒப்புக்கொள்வதால் பெரிய ஆபத்து ஒன்றும் வந்துவிடாது. இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்தைய வருஷம், மதுரையிலிருந்து திண்டுக்கல் போகிற ரோட்டில் இருக்கும் விளாங்குடியில், பதினேழு வயதுப் பெண் ஒருத்தியைக் கிணற்றில் விழவைத்துக் கொன்றேன். பெயர் அமிர்தம். அப்படி ஒருத்தி பிறக்கவே இல்லை என்று அன்றிலிருந்து சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். நம்புவதற்குத்தான் ஆள் இல்லை.

அப்போது எனக்குப் பதினெட்டு வயது. வடக்கு மாசி வீதியில் ஒரு மாடி அறையில் தங்கி இன்டர்மீடியட் படித்துக்கொண்டிருந்தேன். படிப்பு பெயருக்குத்தான்; தொழில் கதை எழுதுவது. (தொழில் என்பது நானே வைத்துக்கொண்ட பெயர். அதுவரை ஒரு கதையும் அச்சேறவில்லை.) என் கதைகள் எல்லாம் காஷ்மீரில் நடக்கும். காதலிப்பதற்குத் தோதான இடம் அதுதான் என்று எப்படியோ முடிவுசெய்திருந்தேன். நானோ ரயிலில் திண்டுக்கல்லைத் தாண்டியதில்லை. ஆப்பிளை டவுன்ஹால் ரோட்டுப் பழக்கடையில் தள்ளி நின்று பார்த்ததுண்டு. சர்பத் கடையில் மரத்தூளுக்குள் புதைத்து வைத்திருக்கும் ஐஸ் கட்டியைக் கொண்டு பனிமலையை ஊகித்திருந்தேன்.

கடைசியாக அனுப்பிய காஷ்மீர் கதை திரும்பி வந்தபோது பத்திரிகை ஆசிரியர் ஒரு கார்டும் சேர்த்து அனுப்பியிருந்தார். "தங்கள் கதாநாயகி ஏரிக்கரையில் தென்னை மரத்தில் சாய்ந்து அழுகிறாள். காஷ்மீரில் தென்னை கிடையாது என்று கேள்வி. கதைக்கு இடம் முக்கியம். தெரிந்த இடத்தை எழுதவும்."

அன்று முழுவதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மாடியிலிருந்து வீதிக்கும் வீதியிலிருந்து மாடிக்கும் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தேன். தென்னை இல்லாத ஊரில் அந்தப் பெண் எதில்தான் சாய்வாள் என்று முதலில் கோபம் வந்தது. பிறகு ரோஷம் வந்தது. இடம்தானே வேண்டும்? கையால் தொட்டுப் பார்க்கும்படி ஒரு இடத்தைத் தருகிறேன், இருங்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சாப்பிடப் போகிற வீடு விளாங்குடியில் இருந்தது. என்னோடு படித்த சோலைராசுவின் வீடு. அவனுடைய அப்பா பெரியகருப்பன் கத்திரியும் வெங்காயமும் போட்டுப் பிழைக்கிற விவசாயி. அதிகம் பேசமாட்டார். ஆனால் ஊரில் வரப்புத் தகராறு வந்தால் இரண்டு தரப்பும் அவரிடம்தான் வந்து நிற்கும். அவர் சொன்னால் அது நடந்ததுதான் என்று ஒரு பேர். மூத்த மகன் வெள்ளைச்சாமி அண்ணனுக்கு முப்பத்திரண்டு வயதாகியும் கல்யாணம் கூடிவரவில்லை. மூன்று இடம் பேசி, மூன்றும் ஏதேதோ காரணத்தால் தட்டிப்போயிற்று. நாலாவதாக மேலூரில் செல்லம் என்று ஒரு பெண். அவளுடைய தாய்மாமன் வந்து வீடு, மாடு, கிணறு எல்லாம் பார்த்துத் திருப்தியாகப் போய், பரிசம் போட நாளும் குறித்தாகிவிட்டது. எங்கள் பக்கத்தில் தாய்மாமன் சரி என்று சொல்லாமல் ஒரு பெண்ணும் படி தாண்ட மாட்டாள்.

அந்த வீட்டுக் கிணற்றைத்தான் நான் எடுத்துக்கொண்டேன். மாடு பூட்டி இறைக்கிற கமலைக் கிணறு. மேலே சாய்ந்த இலுப்பை மரம். உள்ளே இறங்கக் கல்படிகள். நோட்டுப் புத்தகத்தோடு நான் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்து வெள்ளைச்சாமி அண்ணன் தானே இறங்கிப் படிகளை எண்ணிச் சொன்னார்.

"மொத்தம் பதினாறு தம்பி. பத்து வெளிய தெரியும். பதினொண்ணு தண்ணிக்குள்ள, மூலை ஒடைஞ்சு கெடக்கும். கமலை வடம் அறுந்து தண்ணிச் சால் விழுந்ததுல ஒடைஞ்சது. பாத்து எழுதிக்கங்க."

பார்த்து எழுதிக்கொண்டேன். கதையின் பெயரே 'பதினோராம் படி'. காதலித்தவனைக் கட்டிக்கொள்ள விடாததால் அமிர்தம் ஒரு வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதில் பச்சைச் சேலை கட்டி வந்து அந்தப் படியிலிருந்து விழுந்து சாகிறாள். வீட்டார் ஊருக்குத் தெரியாமல் விஷயத்தை மறைத்துவிடுகிறார்கள். அதன்பிறகு உச்சிப்பொழுதில் யார் அந்தப் படியில் கால் வைத்தாலும் ஒரு குளிர்ந்த கை வந்து பாதத்தைத் தொடும். ஊர் விளாங்குடிதான், இலுப்பை இலுப்பைதான், படி படிதான். தெரிந்த இடத்தை எழுதச் சொல்லித்தானே ஆசிரியர் கேட்டார்? ஆனால் நான் விவரம் தெரிந்தவன். வீட்டுக்காரர் பேரை மட்டும் சின்னக்கருப்பன் என்று மாற்றிவிட்டேன்.

கதை வெளிவந்தது. ஐந்து பிரதி வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் பறந்தேன். வருகிற வெள்ளிக்கிழமை பரிசம். கல்யாண வீட்டுக்குக் கதாசிரியன் ஒருவன் நண்பன் என்பது எவ்வளவு பெருமை! கிணற்றடியில் ஒரு மாட்டுவண்டி அவிழ்த்துப் போட்டிருந்தது. பெரியகருப்பன் ஐயா, வெள்ளைச்சாமி அண்ணன், சோலைராசு மூவரும் வரிசையாக நின்றார்கள். எதிரே ஒட்டவெட்டிய தலையும் கண்ணாடியுமாக ஒருவர். கையில் என் கதை வந்த பத்திரிகை. செல்லத்தின் தாய்மாமன் ராக்கப்பன். மேலூர்ப் பக்கம் பள்ளிக்கூட வாத்தியார் என்பதும், அச்சில் எது வந்தாலும் விடாமல் படிக்கிறவர் என்பதும் பிறகுதான் தெரிந்தது.

அவர் ஒரு வரி படிப்பார், நிமிர்ந்து பார்ப்பார்.

"சாஞ்ச இலுப்பை. இருக்கு. வடம் ஓடுற தொளைக்கல்லுல தேஞ்ச தடம் ரெண்டு. இருக்கு. படிக்கு இடது பக்கம் சொவத்துல அரசங்கன்னு முளைச்சிருக்கும்ங்கிறான். இந்தா இருக்கு."

இதை நான் மறைக்கக் கூடாது. அந்த நிமிஷம் எனக்கு வந்தது பயமில்லை, சந்தோஷம். என் வர்ணனையை ஒரு மனிதர் வண்டி கட்டி வந்து சரிபார்க்கிறார்! எந்த எழுத்தாளனுக்குக் கிடைக்கும்? மூவரையும் விலக்கிக்கொண்டு முன்னால் போய், "நான்தான் எழுதினேன்" என்றேன்.

சோலைராசு கண்ணை மூடிக்கொண்டான்.

"வாங்க தம்பி," என்றார் வாத்தியார். "நல்லா எழுதியிருக்கீக. வாசிச்சுட்டு எங்க வீட்டுல நாலு பொம்பளைக அழுதாக. நானும்தான். இப்பச் சொல்லுங்க, இந்தப் பிள்ள செத்து எம்புட்டு நாளாச்சு?"

"அது கதைங்க. கற்பனை."

"படி நெசம். மரம் நெசம். கல்லு நெசம். செத்த பிள்ள மட்டும் பொய்யா?"

(இந்தக் கேள்விக்கு இன்றுவரை பதில் தேடிக்கொண்டிருக்கிறேன்.)

"எங்க பிள்ள வந்தா இந்தக் கெணத்துலதான தம்பி தண்ணி மோக்கணும்?"

வெள்ளைச்சாமி அண்ணன் துண்டை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினார். முகம் வெளுத்திருந்தது. நாலாவது இடமும் போகிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு வீரம் வந்தது. உடனே செய்தாக வேண்டும், ஏதாவது செய்தாக வேண்டும்.

"நானே எறங்கிக் காட்டுறேன். பதினோராம் படியில நின்னு காட்டுறேன்."

"மாப்ள, வேணாம்டா. நீந்தக் கூடத் தெரியாது ஒனக்கு," என்றான் சோலைராசு.

"உச்சிப்பொழுதுதான் இப்ப," என்றார் வாத்தியார், பத்திரிகையில் விரலை வைத்துக்கொண்டு.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். முதல் ஐந்து படி எழுத்தாளனாக இறங்கினேன். ஆறாவது படியில் வெயில் நின்றுவிட்டது. எட்டாவதில் என்னுடைய வரிகளே ஞாபகத்துக்கு வரத் தொடங்கின. 'தண்ணீர் மூச்சுவிடுவதுபோல் சுவரில் ஏறி இறங்கியது' என்று எழுதியிருந்தேன், தண்ணீர் அப்படியேதான் செய்துகொண்டிருந்தது. பத்தாவதில் நின்று மேலே பார்த்தேன். நாலு தலைகள். சரி, அப்படி ஒருத்தி இல்லவே இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, பதினோராவது படியில் வலது காலை வைத்தேன்.

ஒரு குளிர்ந்த கை வந்து என் பாதத்தைத் தொட்டது.

"அமிர்தம்!" என்று அலறினேன். அத்தோடு விட்டிருக்கலாம். "அமிர்தம், என்னை விட்டுரு தாயே!" என்று கும்பிட்டபடி வழுக்கித் தண்ணீருக்குள் போனேன்.

வெள்ளைச்சாமி அண்ணன் குதித்துத் தலைமயிரைப் பிடித்துத் தூக்கினார். இன்னொரு கையில் ஒரு ஆமை. "ஆமை தம்பி. தண்ணி சுத்தமா இருக்கட்டும்னு நாந்தான் விட்டேன். ஒங்களுக்குத்தான் தெரியுமே?" என்றார். தெரியும். நோட்டுப் புத்தகத்தில் குறித்தும் வைத்திருந்தேன். சோகக் கதையில் ஆமைக்கு இடமில்லை என்று எடுத்துவிட்டேன்.

மேலே வந்தபோது வாத்தியார் வண்டி பூட்டிக்கொண்டிருந்தார். "எழுதினவனே கும்புடுறான்," என்று மட்டும் சொன்னார். ஆமையை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

படியில் உட்கார்ந்து ஈரத் துண்டைப் பிழிந்துகொண்டே வெள்ளைச்சாமி அண்ணன் கேட்டார், "ஏன் தம்பி, கதையில அந்தப் பிள்ளையத் தூக்கிவிட ஒரு ஆளு கூடவா இல்ல?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அடுத்த இரண்டு நாள் நான் ஒரு இடத்தில் நிற்கவில்லை. விளாங்குடிக்கு என்று சைக்கிளை எடுப்பேன், எந்த முகத்தோடு போவது என்று காளவாசல் பக்கம் திருப்பிவிடுவேன், அங்கே என்ன வேலை என்று திரும்பி வருவேன். புதன்கிழமை காலையில் மேலூருக்கு பஸ் ஏறினேன். கையில் திரும்பி வந்த காஷ்மீர் கதை. நான் பொய்யன் என்பதற்கு என்னிடம் இருந்த ஒரே எழுத்து மூலமான சாட்சி.

பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் நின்றபடியே வாத்தியார் அதை முழுவதும் படித்தார். "காஷ்மீருல தென்னை ஏதுப்பா?" என்றார்.

"இல்லைங்க! அதத்தான் சொல்றேன். நான் எழுதுறது அம்புட்டும் பொய்."

"போகாத ஊரை எழுதினா பொய்யின்னு ஒரு வரியில தெரிஞ்சுபோகுது. அதுல ஒரு பொட்டுக் கண்ணீர் வரல. விளாங்குடி அப்படியா இருக்கு?" கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இங்க பாரு தம்பி. வாழாமச் செத்த கன்னிப் பிள்ள இல்லாத குடும்பம் எங்க இருக்கு? எங்க வீட்டுலயும்தான் ஒண்ணு இருக்கு. வருஷத்துக்கு ஒருக்கா சேலை எடுத்து வச்சுப் பொங்கல் வைக்கிறோம். செத்தது குத்தமில்ல. மறைச்சதுதான் குத்தம். செத்தது நெசம்தான், கல்லு நட்டுக் கும்புடுறோம்னு பெரியவரு வாயால சொல்லட்டும், பரிசத்துக்கு வாரோம்."

இதைத்தான் சாயங்காலம் விளாங்குடியில் போய்ச் சொன்னேன். பெரியகருப்பன் ஐயா கத்திரிப் பாத்திக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தார். மண்வெட்டியால் மடையை அடைத்துவிட்டு நிமிர்ந்தார். சொல்ல மாட்டார் என்றே நினைத்தேன். தூரத்தில் வெள்ளைச்சாமி அண்ணன் மாட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார். ஐயா அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

"அந்தப் பிள்ளைக்கு என்ன வயசு?"

"பதினேழுங்க."

"என்ன கெழமை?"

"வெள்ளி. உச்சிப்பொழுது."

"சேலை?"

"பச்சைங்க ஐயா."

பாடம் படிக்கிற பையனைப் போல உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு என்னிடம், "நீ பொய்யனா இரு, அது ஒன் பொழப்பு. என்னையும் ஆக்கிட்டயேப்பா," என்றார். சத்தம் போட்டுக்கூடச் சொல்லவில்லை.

மறுநாள் மேலூருக்குப் போய், கூடப்பிறந்த பெண்ணே இல்லாத அந்த மனிதர், தங்கை ஒருத்தி இருந்தாள், அமிர்தம் என்று பேர், விழுந்துவிட்டாள் என்று வாத்தியார் முன்னால் நின்று சொல்லிவிட்டு வந்தார். அவர் சொன்னால் அது நடந்ததுதான் என்று ஏற்கெனவே பேர் இருந்ததல்லவா? ஊரில் வயதானவர்கள் சிலருக்கு அந்தப் பெண்ணின் முகம்கூட ஞாபகம் வந்துவிட்டது. பரிசம் நடந்தது, கல்யாணமும் நடந்தது. ஆனால் அதற்குப் பிறகு வரப்புத் தகராறு என்று யார் வந்தாலும் ஐயா, "வேற ஆளப் பாருங்கப்பா" என்று உள்ளே போய்விடுவார். ஏன் என்று ஊருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அவர் சாகும்வரை அவரிடம் மன்னிப்புக் கேட்க முயன்றேன்; ஒவ்வொரு முறையும் சாப்பிட்டாயா என்று கேட்டு என் வாயை அடைத்துவிட்டார்.

இலுப்பை மரத்தடியில் அமிர்தத்துக்குக் கல் நட்டார்கள். வருஷம் தவறாமல் பச்சைச் சேலை வைத்துப் பொங்கல். சேலை என் செலவு. "பெத்தவரு எடுக்காம வேற யாரு எடுப்பா?" என்பது செல்லம் மதினியின் தீர்ப்பு. மதினி எல்லாவற்றையும் முதல் வருஷமே சோலைராசுவிடமிருந்து கேட்டுத் தெரிந்துகொண்டு, விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, பொங்கலை மட்டும் நிறுத்தவில்லை. மூத்த பெண்ணுக்கு அமிர்தம் என்றே பேரும் வைத்தார். நான் அதற்குப் பிறகு கதை எழுதவில்லை. ஒரு இடத்தைப் பார்த்தால் உற்றுப் பாராமல் நகர்ந்துவிடப் பழகிக்கொண்டேன்.

கமலை போய்ப் பம்புசெட்டு வந்தது. ஒருமுறை கிணற்றைத் தூர்வாரிப் படிகளைப் புதுப்பிக்கக் கொத்தனார் வந்தபோது, பதினாறு படியில் பதினைந்தைத்தான் பூச விட்டார் மதினி.

"அது கதையில ஒடைஞ்சுதான இருக்கு? அப்படியே கெடக்கட்டும்."

இந்த வருஷமும் பொங்கலுக்குப் போயிருந்தேன். சாப்பிட்டுக் கை கழுவக் கிணற்றுப் பக்கம் நகர்ந்ததும், வெள்ளைச்சாமி அண்ணனுடைய பேரன் பேத்திகள் வழக்கம்போல ஒரே குரலில் கத்தினார்கள்:

"தாத்தா, பத்தோட நிப்பாட்டிக்கங்க!"

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிறகு கல்லுக்கு முன்னால் போய்க் கும்பிட்டேன். அங்கே யாரும் இல்லை என்று எனக்குத் தெரியும். பெரியகருப்பன் ஐயாவிடம் கேட்க முடியாமல் போன மன்னிப்பைக் கேட்க எனக்கு வேறு இடம் இல்லை.