பல்லு ரைட்டர் கடித்த பிளான்

ஏற்காட்டுக்காரர்கள் காட்டெருமைக்குப் பயப்படுவார்கள். இடிக்குப் பயப்படுவார்கள். இரண்டுக்கும் சேர்த்து வைத்துப் பயந்தது பல்லு ரைட்டரின் முன்பற்களுக்குத்தான்.

ஏற்காட்டின் ஒண்டிக்கடைப் பகுதியில் ஒரு பாய் நடத்தும் காபி, மிளகு மண்டி. சரக்கை எடுப்பதா திருப்புவதா என்று முடிவு செய்கிற ரைட்டர் அவர். செம்மநத்தத்து விவசாயி மூட்டையோடு வந்தால் ஒரு காபிக் கொட்டையை எடுத்துக் கடிப்பார். ‘டக்’ என்று உடைந்தால் காய்ந்தது. பல் பதிந்தால் ஈரம். "ஏனுங்க, இன்னும் ரெண்டு வெயில் காட்டிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டால், வந்த ஜீப்பிலேயே மூட்டை திரும்பிவிடும்.

அந்த மண்டியின் ஆபீஸைப் புதிதாக மாற்றியமைக்க சேலத்திலிருந்து போனேன். இன்டீரியர் டிசைனராகத் தனியாக நான் எடுத்த முதல் வேலை. பயங்களைப் பட்டியல் போட்டு வைப்பது என் வழக்கம். ஒன்று, கொண்டை ஊசி வளைவுகள். இரண்டு, நாலு மணிக்கு மேல் இறங்கும் பனிமூட்டம். மூன்று, பாய்க்குப் பிடிக்க வேண்டுமே என்பது. நாலாவதை அங்கே வேலை பார்க்கும் செல்வி சேர்த்தாள்.

"அக்கா, ரைட்டர் வேண்டாம்னா பாய் கையெழுத்துப் போட மாட்டாருங்க. உங்களுக்கு முன்னாடி ஒருத்தர் மெத்தை நாற்காலி கொண்டாந்தாரு. ரைட்டர் அதக் கடிச்சாரு. அந்தாளு பஸ்ஸுக்குக்கூட நிக்காம நடந்தே மலை இறங்கிட்டாரு."

நான் சிரித்தேன். மறுநாள் பிளைவுட், ஜிப்சம், லேமினேட் துண்டுகளை மேசையில் பரப்பினேன். ரைட்டர் வந்தார். ஒவ்வொன்றாகக் கடித்தார். ஜிப்சம் துண்டின் ஒரு மூலை திரும்பி வரவேயில்லை.

"சார், அது வாயில வைக்கிற பொருள் இல்ல."

"ஊட்டுக்குள்ள வெக்கறத வாயில வெச்சுப் பாக்கோணுமில்லீங்களா அம்மிணி?" என்றவர், வாசலில் துப்பிவிட்டு, "சுண்ணாம்பு. மழைக்கு நிக்காதுங்க" என்றார். வாங்க வேண்டிய பொருட்களின் பட்டியலைக் கிழித்து, ஜிப்சம் இல்லாமல் வேறு எழுதினேன்.

பிளானை முடித்துச் சுவரில் ஒட்டினேன். அதற்குப் பிறகுதான் உண்மையான பயம் தொடங்கியது. ரைட்டர் காலையில் வந்து பிளான் முன்னால் நிற்பார். சாப்பிட்டுவிட்டு வந்து நிற்பார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிற்பார். ஆபீஸே மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் முதுகைப் பார்க்கும். என்னென்ன தப்பு இருக்கலாம் என்று பதினோரு வரியில் எழுதினேன். நடைபாதை அகலம், ஜன்னல் வெளிச்சம், பிளக் பாயின்ட். எல்லாம் சரியாகத்தான் இருந்தன. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

மூன்றாம் நாள் காலை செல்வி அலறினாள். "அக்கா! கடிச்சுட்டாருங்க!"

பிளானின் கீழ்மூலையில் நாலு பல் தடம்.

பாய் எழுந்து வந்தார். "என்ன ரைட்டரே?"

"இன்னும் ரெண்டு வெயில் காட்டோணுங்க பாய்."

என் முதல் வேலை மூட்டையாகக் கட்டப்பட்டு ஜீப்பில் ஏறுவது கண்ணில் தெரிந்தது. வாசலில் தராசுப் பக்கம் போன அவர் பின்னால் போனேன்.

"எங்க சார் ஈரம்?"

"அம்மிணி, நாற்காலி எத்தன போட்டிருக்கறீங்க?"

"ஒன்பது."

"ஆளு எத்தன?"

விரல் விட்டு எண்ணினேன். பத்து. அளவெடுத்த அன்று நான் மேசை, நாற்காலிகளை எண்ணினேன். அவற்றை வைத்து ஆட்களை எண்ணினேன். ரைட்டர் என்றைக்கும் உட்கார்ந்ததில்லை. தராசுப் பக்கம் நின்றே வேலை பார்க்கிறவர். நாற்காலி இல்லாததால் என் பட்டியலில் ஆளும் இல்லை. போதாததற்கு, அவர் நிற்கும் இடத்தில் ஈரம் பார்க்கும் மெஷினுக்கு ஒரு மேசை வரைந்திருந்தேன். மெஷினுக்கு இடம் வேண்டும் என்று பாய்தான் கேட்டிருந்தார்.

"மூணு நாளா என்னயத் தேடுனனுங்க" என்றார் ரைட்டர். "பாத்ரூம்ல கூடத் தேடிப் பாத்தனுங்க. இல்ல." பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "மேல ரெண்டு பல்லு ஆடுதுங்க அம்மிணி. பாய்க்குத் தெரியாது. தெரிஞ்சுதான் மெஷின் வெக்கறாங்களோன்னு நொம்பப் பயமாப் போச்சுங்க."

ஊரே பயந்த பல், மூன்று நாளாக என் பேப்பருக்குப் பயந்திருக்கிறது.

அன்றே பாயிடம் போனேன். ஆடும் பல்லைப் பற்றி வாய் திறக்கவில்லை. "ஒரு ஆளை விட்டுட்டேன் பாய்" என்றேன். பாய் பிளானைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். "ரைட்டர் இல்லாம மெஷின வெச்சுக்கிட்டு நான் என்னத்தம்மா பண்றது? மெஷின் சொன்னா செம்மநத்தத்துக்காரங்க கேப்பாங்களா? மாத்துங்க, மாத்துங்க" என்றார்.

பல் பதிந்த பிளானைக் குப்பையில் போட்டுவிட்டு வேறு வரைந்தேன். ஜன்னலோரம், நிற்கிற உயரத்துக்கு ஒரு பலகை. அதில் பாதி மெஷினுக்கு, பாதி ரைட்டருக்கு. பக்கத்தில் உயரமான ஒரு ஸ்டூல். ஸ்டூல் வந்த அன்று ரைட்டர் அதைத் தலைகீழாகத் தூக்கி ஒரு காலைக் கடித்தார். ஒன்பது பேரும் நானும் அசையாமல் நின்றோம்.

"காஞ்சிருக்குதுங்க" என்றார். என்றைக்கும் உட்காராதவர், உட்கார்ந்தார்.

இப்போது அவருக்கு மேல்வரிசை முழுக்கக் கட்டின பல். மெஷின் சொல்வதைக் கேட்டுக்கொண்டு, "ஏனுங்க, மெஷினும் ரெண்டு வெயில்ங்கறானுங்க" என்று அறிவிக்கிறார்.

போன மாதம் பாலிஷ் வேலைக்கு ஆள் கூட்டிப்போனேன். "மேடம், ஸ்டூல் கால என்னமோ கடிச்சு வெச்சிருக்குதுங்க. மெழுகு வெச்சு அடைச்சரட்டுங்களா?" என்றார் அவர்.

அந்த ஒரு இடத்தை மட்டும் தொடவே கூடாது என்று சொன்னேன். சொந்தப் பல்லின் தடம் ரைட்டருக்கு வேறெங்கும் மிச்சமில்லை.